முதலில் ஈரம், கடைசியில் அழகு: பழைய மோட்டார் படகின் உட்புறத்தைக் குளிர்காலத்தில் புதுப்பிப்பது எப்படி

பழைய மோட்டார் படகை வாங்கியவர் கண்ணில் முதலில் படுவது மெத்தையின் கிழிசலும் கறுத்துப்போன மரமும்தான். புதுத் துணி, புது வார்னிஷ், நாலு புது விளக்கு போட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அந்த வரிசையில் தொடங்கினால் அடுத்த குளிர்காலத்திலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள். மரம் கறுத்ததற்கும் மெத்தை நாறியதற்கும் காரணம் எங்கிருந்தோ உள்ளே வரும் தண்ணீர். அதை நிறுத்தாமல் எதைப் புதிதாகப் போட்டாலும் அதுவும் பழசாகும். அதனால் இந்தக் கட்டுரையில் துணியும் வார்னிஷும் கடைசிக்கு முந்தைய பகுதியில்தான் வரும்.

போர்வை போடும் முன்பு ஒழுக்கைத் தேடுங்கள்

படகைக் கரையேற்றியதும் உடனே தார்ப்பாய் போட்டு மூடிவிடாதீர்கள். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் வருவதற்குள் ஒழுக்குச் சோதனையை முடித்துவிட வேண்டும். ஒருவர் வெளியே ஹோஸ் குழாயோடு, இன்னொருவர் உள்ளே டார்ச் விளக்கோடு. தண்ணீரைக் கீழிருந்து மேலாகக் காட்டுங்கள்: முதலில் ஜன்னலின் கீழ் விளிம்பு, சில நிமிடம் கழித்துப் பக்கங்கள், அப்புறம் மேல் விளிம்பு, அதற்குப் பிறகே மேல்தளத்தில் உள்ள கைப்பிடிக் கம்பிகளின் அடிப்பாகம், கயிறு கட்டும் கொக்கிகள், உள்ளே இறங்கும் திறப்பான ஹேட்ச்சின் மூடி. மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது. உள்ளே சந்தேகப்படும் இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டுவைத்தால் ஒரு சொட்டு இறங்கினாலும் கோடு கரைந்து காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. முன்பக்கக் கொக்கியின் போல்ட் வழியாக நுழைந்த நீர் உட்கூரைக்கு மேலேயே ஓடி, ஒரு மீட்டர் தள்ளி ஜன்னல் மூலையில் சொட்டலாம். அதனால் ஜன்னலைக் குற்றம் சொல்லும் முன் உட்கூரையைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்.

ஒழுகும் பொருளைக் கழற்றி, பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பதிக்க வேண்டும். மேலே ஒரு வரி சிலிகான் இழுத்துவிடுவது தீர்வு ஆகாது. சிலிகான் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. மேல்தளப் பொருள்களுக்குப் பிசுபிசுப்பான ரப்பர் பட்டையான பியூட்டைல் டேப் நல்லது, எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். பாலிசல்ஃபைடு பசையை அக்ரிலிக், பாலிகார்பனேட் ஜன்னல்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது அந்த பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

பல ஃபைபர் படகுகளின் மேல்தளம் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்துச் செய்யப்பட்டது. போல்ட் துளை வழியாக அந்த நடுமரத்துக்குள் நீர் போனால் உள்ளுக்குள்ளேயே மக்கும். பிளாஸ்டிக் தலை உள்ள சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கேட்கும், கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். ஒவ்வொரு போல்ட் துளையையும் பெரிதாக்கி, கெட்டியாக்கிய எபாக்சியால் (இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பசை) நிரப்பி, இறுகியதும் சரியான அளவில் மறுபடி துளையிட்டால் பசை பிடிப்பு விட்டாலும் நீர் மரத்தைத் தொடாது. மெனக்கெட வேண்டிய வேலைதான். ஆனால் படகின் ஆயுளைக் கூட்டும் வேலைகளில் இதற்கு முதலிடம் தருவேன்.

போர்வையும் காற்றும்

இப்போது மூடலாம். நடுவில் ஒரு நீளக் கட்டையை உயர்த்திக் கட்டி, இருபக்கமும் சரிவாகத் தார்ப்பாயை இறக்குங்கள். சரிவு இல்லாவிட்டால் மழைநீரும் பனியும் தேங்கிக் கிழிக்கும். முன்னும் பின்னும் காற்று போய்வர இடைவெளி விடுங்கள். தார்ப்பாயின் கயிற்றைப் படகைத் தாங்கி நிற்கும் முட்டுக்கால்களில் ஒருபோதும் கட்டாதீர்கள். பலத்த காற்றில் தார்ப்பாய் இழுக்கும்போது முட்டுக்கால் நகர்ந்து படகே சாயலாம். கயிற்றைப் படகின் அடியில் குறுக்காகக் கொண்டுபோய் மறுபக்கம் கட்டுங்கள்.

ஏணியின் மேல்முனையையும் படகில் கட்டிவிடுங்கள். கரையில் நிற்கும் படகின் தளம் மாடி உயரத்தில் இருக்கலாம், குளிர்காலத்தில் ஏணிப்படி வழுக்கும்.

கழற்றுவதற்கு முன் போட்டோ

எதையும் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஒவ்வொரு மூலை, ஒவ்வொரு வயர் இணைப்பு, ஒவ்வொரு பலகையின் பின்பக்கம். கழற்றிய பலகையின் பின்னால் பென்சிலால் ‘இடது, முன், மேல்’ என்று எழுதி அம்புக்குறி போடுங்கள். திருகுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சின்னப் பை, பைமேல் பெயர். வேலை மார்கழியில் நின்று மாசியில் தொடரும்போது நினைவு கைகொடுக்காது, எழுதிவைத்தது கொடுக்கும்.

கழற்றக்கூடிய கதவு, இழுப்பறை, மேசை, தரைப்பலகை எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். படகு உறைந்து கிடக்கும் மாதங்களில் வெப்பமான அறையில் உட்கார்ந்து அவற்றைத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாம். குளிர்கால வேலையின் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது: குளிரிலும் செய்யக்கூடியதை (கழற்றுவது, அளவெடுப்பது, வயர் இழுப்பது) படகில் செய்யுங்கள், சூடு தேவைப்படுவதை வீட்டில் செய்யுங்கள், அல்லது வசந்தத்துக்குத் தள்ளுங்கள்.

பேட்டரியையும் கழற்றிக் கொண்டுபோக வேண்டும். முழுச் சார்ஜில் உள்ள லெட் ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி கடுங்குளிரில் உறைந்து வெடிப்பு விடும். தண்ணீர்த் தொட்டி, பம்ப், குழாய், கழிவறை எல்லாவற்றிலும் உள்ள நீரை வடித்துவிடுங்கள்.

பெட்ரோல் இன்ஜின் உள்ள படகு என்றால் வேறு எதற்கும் முன்பாக ஒன்று: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரைப்பலகைக்கு அடியில் உள்ள பில்ஜ் பள்ளத்தில் போய்த் தேங்கும். சமையல் கேஸும் அப்படியே. வாசனை கொஞ்சம் இருந்தாலும் டிரில்லோ ஹீட்டரோ ஓடக்கூடாது. கேஸ் சிலிண்டரைக் கரையில் இறக்கி, எரிபொருள் குழாய்களைச் சரிபார்த்து, நன்றாகக் காற்றோட்டம் கொடுத்த பிறகே வேலை.

அடுத்து, காலியான உட்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். கடலில் ஓடிய படகு என்றால் இது மிக அவசியம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்; உப்புப் படிந்த சுவரும் துணியும் எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் முழுதாகக் காயாது. பூஞ்சைக்கு வினிகரோ பூஞ்சைநீக்கியோ பயன்படுத்துங்கள். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

மக்கிய மரம்

கூரான துளையூசியால் எல்லா மரத்தையும் குத்திப் பாருங்கள், குறிப்பாகத் தடுப்புப் பலகைகள் தரையைத் தொடும் கீழ்விளிம்பு, ஜன்னலுக்குக் கீழே, கழிவறை மூலை. ஊசி சுலபமாக இறங்கினால் மரம் போய்விட்டது. மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். அதற்குக் கீழே உலர்த்தி வைத்தால் அது வளராது, ஆனால் மக்கிய பகுதி பழைய பலத்துக்குத் திரும்பாது. ஆகவே வெட்டி எடுங்கள், நல்ல மரம் வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் தாண்டி வெட்டுங்கள்.

இன்ஜின் உட்கார்ந்திருக்கும் நீளக் கட்டைகள், பின்சுவர், அடிப்பகுதியின் நீளவாட்டு விலாக்கள் ஆகியவை மெத்தென்று இருந்தால் அது உட்புற வேலை அல்ல, படகின் எலும்பு. அங்கே நிறுத்தி, தெரிந்த தொழிலாளியை அழைத்துக் காட்டுங்கள். அலங்காரத்துக்கு வைத்த பணம் முழுக்க அதற்கே போனாலும் சரி.

பழைய படகுகளில் இன்ஜின் அறையிலும் புகைக்குழாயிலும் சுற்றியிருக்கும் வெண்மையான நார்க்கட்டு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பரிசோதிக்காமல் அவற்றைத் தேய்க்கவோ உடைக்கவோ வேண்டாம்.

குளிரில் பசை ஏன் ஏமாற்றுகிறது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். எபாக்சி காய்வது கிடையாது. இரண்டு திரவமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகுகிறது. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சாதாரண வகைகள் 10 டிகிரிக்குக் கீழே ஒழுங்காக இறுகுவதில்லை. 15-க்கு மேல் இருந்தால் நிம்மதி. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை, அதாவது இறுகவைக்கும் இரண்டாவது திரவத்தை, கூட்டி ஊற்றாதீர்கள். எபாக்சியில் விகிதம் மாறினால் எந்தக் காலத்திலும் முழுதாக இறுகாது. குளிருக்கென்றே வேகமான ஹார்டனர் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். டப்பாக்களை வீட்டில் வைத்து, சூடு குறையாமல் கொண்டுவாருங்கள். இறுகிய எபாக்சிமேல் மெழுகுபோல ஒரு படலம் வரும். அதைத் தேய்ப்பதற்கு முன்னால் தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் பரவி, அடுத்த பூச்சு ஒட்டாமல் போகும்.

பனி படிவதையும் கவனிக்க வேண்டும். காற்று 12 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஏறக்குறைய 9 டிகிரியில் பனி படியத் தொடங்கும். நீங்கள் பூசும் பரப்பு அதைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும், அதாவது 12. ஆனால் இரவெல்லாம் குளிர்ந்த ஃபைபர் சுவர் காலையில் 5 டிகிரியில்தான் இருக்கும்; உள்ளே ஹீட்டர் போட்ட அரைமணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன்மேல் படியும். ஆகவே முதல்நாளே மெல்லச் சூடாக்கி, சுவரையே சூடேற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பரப்பின் வெப்பத்தை அளக்கும் சின்ன அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குவது நல்ல முதலீடு.

சூட்டுக்கு மின்சார எண்ணெய் ரேடியேட்டர் போதும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை உள்ளே கொண்டுவராதீர்கள். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேலான தண்ணீர் ஆவியாக வெளிவரும். உலர்த்த நினைத்த இடத்தை நீங்களே நனைக்கிறீர்கள். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வைக்கலாம், ஆனால் வீடுகளில் இருக்கும் கம்ப்ரஸர் வகை குளிரில் திணறும். உலர்த்திப்பொருள் சக்கரம் உள்ள வகைதான் இங்கே வேலை செய்யும்.

ஃபைபர் தூளுக்கு நல்ல தூசி முகமூடி, எபாக்சி போன்ற ரெசினுக்கும் கரைப்பானுக்கும் கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடி. இரண்டும் வேறு வேறு. தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது. மூடிய கேபினுக்குள் தனியாக ரெசின் வேலை செய்யாதீர்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், லின்சீட் போன்ற உலரும் எண்ணெய் பட்ட துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள் அல்லது நீரில் நனைத்துப் போடுங்கள்.

வயரிங்

சுவர்கள் திறந்திருக்கும்போதே வயரிங்கை முடித்துவிடுங்கள். வீட்டு ஒற்றைக்கம்பி வயர் படகுக்கு ஆகாது, அதிர்வில் உடையும். பல மெல்லிய இழைகள் கொண்ட, வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வேண்டும். இணைப்புகளைச் சரியான கிரிம்ப் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள, சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது கூடாது.

ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, அதனால் பேட்டரிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. அமெரிக்கப் படகுத் தரவிதி ஏறக்குறைய 18 சென்டிமீட்டருக்குள் என்கிறது. வயர் தடிமனைத் தேர்ந்தெடுக்கும்போது போக வர மொத்த நீளத்தையும் கணக்கிடுங்கள். பில்ஜ் பம்ப், வழிகாட்டு விளக்கு போன்றவற்றுக்கு வோல்ட் இழப்பு 3 சதவீதத்துக்குள், அதாவது 12 வோல்ட்டில் 0.36-க்குள் இருக்க வேண்டும். கேபின் விளக்குக்கு 10 சதவீதம் வரை பரவாயில்லை.

விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றினால் பேட்டரிச் சுமை மிகவும் குறையும். மட்டமான எல்.இ.டி., படகிலிருந்து பேசும் வி.எச்.எஃப். ரேடியோவில் இரைச்சல் கிளப்பும். பொருத்தும் முன் ரேடியோவைப் போட்டு, விளக்கை ஏற்றி அணைத்துப் பாருங்கள். கரையிலிருந்து வரும், வீட்டு மின்சார அளவிலான இணைப்பை மட்டும் தகுதியுள்ள மின்பணியாளரிடம் விடுங்கள்.

பலகையை வெட்டும் முன்

படகுக்குள் எதுவும் நேராக இல்லை. சுவர் வளைகிறது, கூரை வளைகிறது, இடதும் வலதும் ஒன்றாக இல்லை. ரசமட்டமும் உதவாது, ஏனென்றால் முட்டுக்கால்மேல் நிற்கும் படகு மட்டமாக நிற்பதில்லை. படகை அதன் நீர்க்கோட்டுக்கு மட்டமாக நிறுத்தச் சொல்லுங்கள்; முடியாவிட்டால் உள்ளே ஒரு ஆதாரக் கோடு போட்டு, எல்லாவற்றையும் அதிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

அளவெடுத்து எழுதுவதைவிட மாதிரி வடிவம் எடுப்பது எளிது. மெல்லிய பிளைவுட்டை விரலகலப் பட்டைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். பலகை வரவேண்டிய இடத்தில், சுவரைத் தொடும் விளிம்பெங்கும் அந்தப் பட்டைகளை வைத்து, ஒன்றோடொன்று சூட்டுப்பசைத் துப்பாக்கியால் ஒட்டி, குறுக்கே மூலைக்கட்டு கொடுங்கள். பட்டையால் எட்ட முடியாத வளைவுக்கு, காம்பஸின் ஒரு காலைச் சுவரிலும் மறுகாலைப் பட்டையிலும் வைத்து இழுத்தால் சுவரின் வளைவு அப்படியே பட்டையில் பதியும். அந்தச் சட்டத்தை அப்படியே தூக்கிப் பலகைமேல் வைத்து வரைந்து, கோட்டுக்கு வெளியே வெட்டி, பிறகு இழைத்துச் சரியாக்குங்கள்.

வெட்டும் முன் ஹேட்ச் வாசலின் அகலத்தையும் மூலைவிட்டத்தையும் அளங்கள். படகு கட்டும்போது மேல்தளம் மூடுவதற்கு முன்பே உள்ளே வைத்த பலகைகள் இருக்கும்; அவற்றின் மாற்று ஒரே துண்டாக உள்ளே நுழையாது. இணைப்பு எங்கே வரும் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அதை ஒரு பட்டைக்குப் பின்னால் மறைக்கலாம்.

மரைன் பிளைவுட்டுக்கு பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரம் உண்டு, அந்த முத்திரை பார்த்து வாங்குங்கள். வீட்டு எம்.டி.எஃப். எனும் மரநார்ப் பலகையும் துகள்பலகையும் ஈரத்தில் உப்பிவிடும், கனமும் அதிகம். பிளைவுட்டின் பலவீனம் அதன் வெட்டு விளிம்பு. பொருத்துவதற்கு முன் எல்லா விளிம்புக்கும் எபாக்சி மூன்று பூச்சு கொடுங்கள், திருகுத் துளை உட்பட. தேக்கு போன்ற எண்ணெய் மரத்தை ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோனால் துடையுங்கள். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

எந்தப் பலகையையும் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். படகின் அடியில் உள்ள துளைகளின் வால்வுகள், குழாய்க் கிளிப்புகள், வயர் இணைப்புகள், தொட்டியின் மூடி, இன்ஜின் வடிகட்டிகள் எல்லாவற்றுக்கும் கை போக வேண்டும். குழாய் பிய்த்துக்கொண்ட இரவில் அந்த வால்வை மூட உங்களுக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும்.

உட்கூரையும் சுவரும்

பழைய வினைல் உட்கூரையின் பின்னால் உள்ள மெல்லிய ஃபோம் காலப்போக்கில் பொடியாகிறது, அதனால்தான் துணி தொங்குகிறது. மறுபடி ஒட்ட முயலாதீர்கள். உரித்துவிட்டு, ஒட்டியிருக்கும் மிச்சத்தை டிரில்லில் மாட்டும் கம்பித் தூரிகையால் எடுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம்; கையால் தடவினால் பொடி வராத நிலைக்கு வரவேண்டும்.

இதே சமயத்தில் சுவருக்கு மூடிய செல் ஃபோம் (நீரை உறிஞ்சாத வகை) காப்பு ஒட்டினால் உள்ளே வியர்ப்பது மிகவும் குறையும். இடைவெளி விடாமல் ஒட்டுங்கள், இடைவெளியில்தான் பனி நீர் சேரும். கண்ணாடிநார்ப் பஞ்சு வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். புது உட்கூரையை மெல்லிய பிளைவுட் பலகைகளில் ஒட்டித் திருகிவைப்பது என் விருப்பம். மேல்தளத்தில் ஏதாவது ஒழுகினால் ஒரு பலகையை மட்டும் இறக்கிப் பார்க்கலாம். பில்ஜுக்கு வெளிர்நிறப் பெயின்ட் அடியுங்கள், எண்ணெய்க் கசிவு உடனே தெரியும்.

வார்னிஷ், மெத்தை

பழைய வார்னிஷை 80-ம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180, 240 என்று படிப்படியாக, மரத்தின் இழையோட்டத்தோடு தேய்க்க வேண்டும். திடமரத்துக்கு மட்டும் இது. பிளைவுட்மேல் உள்ள தேக்கு ஏடு அரை மில்லிமீட்டரே இருக்கலாம். அங்கே 80 வேண்டாம், மெஷின் வேண்டாம், கையால் நிதானமாக. முதல் பூச்சை நன்றாக நீர்க்கக் கலந்து அடித்தால் மரத்துக்குள் இறங்கும். அடுத்தடுத்த பூச்சுகளுக்கு நடுவே 320-ல் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். உட்புறத்துக்கு நான்கைந்து பூச்சு போதும். கடைசி மட்டும் மங்கல் பளபளப்பு வகை அடித்தால் கண்ணைக் கூசாது.

உட்காரும் மெத்தைக்கு 10 சென்டிமீட்டர் ஃபோம், படுப்பதற்கு 12 அல்லது கூடுதல். முன்பக்கப் படுக்கையில் சுவர் மேலே போகப்போக விரிவதால், மெத்தையின் மேற்பரப்பு அடிப்பரப்பைவிடப் பெரியது. இரண்டுக்கும் தனித்தனியாக பிளாஸ்டிக் தாளில் மாதிரி வடிவம் எடுங்கள். உறையைவிட ஃபோம் சில மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் சுருக்கம் விழாது. நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், ஈரத்தில் பருத்தி நூல் இற்றுப்போகும். அடிப்பக்கத்துக்குக் காற்று புகும் வலைத்துணி, படுக்கைப் பலகையில் துளைகள் அல்லது ரீப்பர்க் கட்டைகள். உடம்புச் சூட்டில் அடியில் சேரும் ஈரம் வெளியேற இவை அவசியம்.

தண்ணீரில் இறக்கும் நாள்

இறக்கியதும் தூக்குக் கயிறுகளை அவிழ்ப்பதற்குள் தரைப்பலகைகளைத் தூக்கி, ஒவ்வொரு வால்வையும் குழாய்க் கிளிப்பையும் காய்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். பில்ஜ் பம்பின் மிதவைச் சுவிட்சைக் கையால் தூக்கி ஓடவிடுங்கள். கேஸ் கசிவு உணர்வியைத் தாழ்வாகவும், கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அதன் குறிப்பேடு சொல்லும் உயரத்திலும் பொருத்திச் சோதித்துக்கொள்ளுங்கள். முன்பைவிடப் படகு ஒரு பக்கம் சாய்ந்தோ தாழ்ந்தோ மிதந்தால், சேர்த்த எடை எங்கே போனது என்று பார்த்துச் சாமான்களை மாற்றி வையுங்கள்.

முட்டுக்கால்மேல் நின்ற படகும் நீரில் மிதக்கும் படகும் வடிவத்தில் கொஞ்சம் வேறுபடும். கரையில் கச்சிதமாக மூடிய கதவு நீரில் இறுகலாம். அதனால் கதவுகளைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கீல்களின் கடைசித் திருகுகளையும் தாழ்ப்பாள் கொக்கிகளையும் படகு ஒரு வாரம் மிதந்த பிறகு பொருத்துங்கள்.